அறுபதாவது பெயர்

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜூன் பாதி கடந்தும் குற்றாலத்தில் சாரல் இறங்கவில்லை. பேரருவிப் பாறையில் ஒரு முழ அகலத்துக்கு ஈரம் மட்டும் வழிவதாகப் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். கடைக்காரர்கள் வாங்கி வைத்த நல்லெண்ணெய்ப் புட்டிகள் தூசி படிந்து நின்றன. அவர்களைவிட அதிகமாக மேற்கே பார்த்துக்கொண்டிருந்தவர் நாணல்குளம் எய்டட் எலிமெண்டரி பள்ளியின் தலைமையாசிரியர் நமசிவாயம்.

டெபுடி இன்ஸ்பெக்டர் வருஷா வருஷம் சாரல் சீசனுக்குத்தான் அந்தப் பள்ளியைப் பார்வையிட வருவார். பள்ளியின் மானேஜர் வல்லிநாயகம் பிள்ளை குற்றாலத்தில் ஒரு வீடு பிடித்துக் கொடுப்பார். இன்ஸ்பெக்டர் குடும்பத்தோடு மூன்று நாள் தங்கி அருவியில் குளிப்பார். அதில் ஒரு நாள் நாணல்குளத்துக்கு வந்து பிள்ளைகளை எண்ணுவார். அன்று எண்ணிய கணக்குதான் அந்த வருஷம் முழுவதற்கும் செல்லும். இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று சர்க்கார் மானியம் கொடுத்தது. மூன்று ஆசிரியர் இருக்க வேண்டுமானால் அறுபது பிள்ளைகள் இருக்க வேண்டும். ஒரு தலை குறைந்தால் கடைசியாகச் சேர்ந்த ஆசிரியர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கடைசியாகச் சேர்ந்தவள் குழல்வாய்மொழி. நமசிவாயத்தின் மனைவி.

கல்யாணமாகி முதல் இரண்டு வருஷமும் அவளுக்குப் புளியங்குடிக்கு அப்பால் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வருவாள். திங்கட்கிழமை விடியுமுன் போய்விடுவாள். தலையில் வைத்த பூ வாடுவதற்குள் பிரிகிற வாழ்க்கை என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள், கண் கலங்கியும் இருக்கிறாள். போன வருஷம் மானேஜர் மனம் வைத்து இங்கே இடம் கொடுத்த பிறகுதான் இருவரும் ஒரு கூரையின் கீழ் வாழத் தொடங்கினார்கள். தினமும் காலையில் நமசிவாயம் ஒரு பொட்டலம் பிச்சிப்பூவை வாழை இலையில் சுற்றி அவளுடைய மேஜை டிராயரில் வைத்துவிடுவார். வீட்டில் கையில் கொடுக்கலாம். ஆனாலும் டிராயரில் வைப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். இப்போது அவளுக்கு நான்கு மாதம்.

பள்ளி திறந்ததும் நமசிவாயம் வீடு வீடாகப் போனார். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடுகிற பிள்ளைக்கு ஐந்து வயதாகிவிட்டது என்று அர்த்தம். தொடாத பிள்ளைகளையும் கழுத்தைச் சாய்க்கச் சொல்லித் தொட வைத்துச் சேர்த்தார். அப்படியும் ஐம்பத்தொன்றுதான் தேறியது. போன வருஷம் ஐந்தாம் வகுப்பு முடித்த ஒன்பது பேரையும் பட்டியலில் வைத்துக்கொண்டால் அறுபது.

எட்டுப் பேரைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. ஐந்தாவதோடு படிப்பு முடிந்தவர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னால் வருவார்கள். ஒன்பதாவது ஆள் செண்பகவல்லி. அவளைப் பற்றிக் கேட்க ஆள் இருந்தது.

பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கும் அவள் அப்பா பலவேசம் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"சார்வாள், பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் மாத்த ரிக்கார்டு ஷீட்டு வேணும். தென்காசியில பொம்பளப் பிள்ளைய ஹைஸ்கூல்ல கேட்டுட்டு வந்துட்டேன். பர்ஸ்ட் பாரத்துல, அதான் ஆறாவதுல, எடம் இருக்குன்னு பெரிய டீச்சரம்மா சொன்னாவ. எந்தங்கச்சி நாச்சியாரு அங்கனதான இருக்கா, அவ வீட்ல தங்கிக்கிடுவா."

"தாரேன் பலவேசம். அடுத்த வாரம் வாரும்."

"போன வாரமும் அடுத்த வாரம்னியளே."

"இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போவட்டும். மறுநாளே தாரேன்."

பலவேசம் உள்ளே எட்டிப் பார்த்தார். குழல்வாய்மொழி கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, இந்தப் பிள்ள வீட்ல நிக்க விட மாட்டேங்கா. வெங்காய மூட்டையை எறக்கி வச்சா, இத்தன மூட்டைக்கு எத்தன தொலா எடைன்னு கேட்டு உசிர வாங்குதா. நான் தப்பாச் சொன்னா அவ ஆத்தாவும் அவளும் சேந்து சிரிக்காளுவ. ஒங்கள மாதிரி டீச்சராவணுமாம். வளையல்கூட ஒங்கள மாதிரி கறுப்பு வளையல்தான் வேணும்னு அழுகை."

குழல்வாய்மொழி சிரித்தாள். ஐந்தாம் வகுப்பு வரிசையில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லி கைகளைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அன்று பிள்ளைகள் போன பிறகு நமசிவாயம் தேர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுவந்து மனைவியின் மேஜையில் வைத்தார்.

"அஞ்சாம் வகுப்பு ரிசல்ட்டு நீதான எழுதணும். ஒம்பது பேருக்கும் தேறலைன்னு எழுது."

"எட்டுப் பேரத்தான சொன்னிய?"

"அம்பத்தொம்பது ஆயிரும் மொழி."

அவள் பேனாவை எடுக்கவில்லை. "கணக்குல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்குனவ. அந்த ரெண்டும் கையெழுத்துக்காக நான் கொறச்சது. அவள எப்படிங்க ஃபெயில்னு எழுதுவேன்?"

"ஃபெயில்னு எழுதாம அஞ்சாவதுல வச்சிருக்க முடியுமா? பாஸான பிள்ள ஜூன் மாசம் இங்கன எதுக்கு ஒக்காந்திருக்குன்னு கேப்பாருல்லா?" அவர் குரல் தணிந்தது. "பேனா வேண்டாம். பென்சில்ல எழுது. அவரு தலைய எண்ணிட்டுப் போன மறுநாள் நானே ரப்பர் வச்சு அழிச்சுடுதேன். ஒரு பத்து நாள். அந்தப் பிள்ளைக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"மானேஜர்கிட்ட சொல்லிப் பாக்கலாம்லா?"

"சொன்னேன். 'ஓய், ஒம்ம பெண்டாட்டி வேலைக்கு நீரு ஆள் சேரும், நானா சேக்கணும்'னுட்டாரு."

ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்ந்தது. புளியங்குடி பஸ்ஸின் புகை நாற்றம் அவள் நினைவுக்கு வந்தது. நான்கு மாதத்தில் அந்த நாற்றத்தை நினைத்தாலே குமட்டியது. வயிற்றில் பிள்ளையோடு வேறு ஊரில், வேறு வாடகை அறையில் தனியாக. அவர் பென்சிலைத் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்து, நுனியைச் சீவி, அவள் கையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் இது பிடிக்கவில்லை என்பது தெரிந்ததும் அவளுக்கு எழுதுவது சுலபமாகிவிட்டது. அதை நினைத்து அவள் பின்னால் பல தடவை வெட்கப்பட்டாள்.

எட்டுப் பெயருக்கும் எழுதிவிட்டு, கடைசியாகச் செண்பகவல்லி பெயருக்கு நேரே மிக மெல்லிய எழுத்தில் எழுதினாள்: தேறவில்லை.

ஜூன் முடிந்தது. சாரல் இல்லை. 'சீசன் நிலவரம் தெரிவிக்கவும்' என்று இன்ஸ்பெக்டரிடமிருந்து மானேஜருக்குக் கார்டு வந்தது. மானேஜர் அதை நமசிவாயத்திடம் காட்டி, "நான் என்ன, மேல ஏறித் தண்ணிய ஊத்தவா?" என்றார்.

நமசிவாயம் ஒரு காரியம் செய்தார். தென்காசிக்குப் போய்ப் பெண்கள் ஹைஸ்கூல் தலைமையாசிரியை முன்னால் நின்று, பரிசோதனை முடியாததால் ரிக்கார்டு ஷீட் தாமதமாகிறது என்று மன்றாடினார். அந்த அம்மாள் நல்லவர். ஜூலை பதினைந்து வரை இடம் வைத்திருப்பதாகச் சொன்னார். நமசிவாயம் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமாக வந்து இதைச் சொன்னபோது குழல்வாய்மொழிக்கு அவர்மேல் இருந்த மனத்தாங்கல் எல்லாம் கரைந்துபோயிற்று.

வகுப்பில் செண்பகவல்லி மறுபடியும் ஐந்தாம் வகுப்புப் பாடங்களையே படித்தாள். படித்தாள் என்பதுகூடச் சரியில்லை. சின்னப் பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்திக் கொடுத்தாள். நாலாம் வகுப்பிலிருந்து ஏறி வந்த பையன்கள் விடவில்லை.

"ஏட்டி ஃபெயிலு, எங்க கூட ஒக்காந்திருக்கியே, வெக்கமா இல்லியா?"

"போலே, ஒனக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியுமாலே?"

இடைவேளையில் அவள் டீச்சரிடம் வந்தாள். "டீச்சர், நான் ஃபெயிலா?"

"இல்லட்டி. ஒரு சின்ன வேலைக்காக. இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போனதும் ஒனக்குச் சீட்டு வந்திரும். யாருட்டயும் சொல்லாத, என்ன?"

"அப்பாட்டயும் சொல்லக் கூடாதா?"

"வேண்டாம்."

செண்பகவல்லி தலையாட்டினாள். டீச்சரும் தானும் மட்டும் அறிந்த ரகசியம் என்பதில் அவள் முகம் மலர்ந்தது. அத்தை வாங்கிக் கொடுத்த நீலப் பாவாடை கொடியில் மடித்துக் கிடப்பதாகவும், தினம் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பதாகவும் சொன்னாள்.

ஜூலை ஒன்பதாம் தேதி மத்தியானம் மலை காணாமல் போனது. பெரிய இரைச்சல் ஒன்றும் இல்லை. மேற்கே வெண்மையாக ஏதோ இறங்கி வந்தது. பிறகு காற்று சில்லிட்டது. வகுப்பில் பிள்ளைகளின் முகத்தில் ஊசி முனை போலத் தூறல் தெறித்தது. நமசிவாயம் வெளியே வந்து மழையில் நின்றார். அவர் தலைமையாசிரியர் என்பதையும் மறந்து பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். குழல்வாய்மொழி ஜன்னல் வழியே அவரைப் பார்த்து விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். ஆறு நாள் இருந்தது.

இன்ஸ்பெக்டர் பதினோராம் தேதி குடும்பத்தோடு வந்து இறங்கினார். பன்னிரண்டாம் தேதி ஐந்தருவியில் குளித்துவிட்டு, காதோரம் எண்ணெய் மினுக்கத்தோடு நாணல்குளம் வந்தார். மத்தியானச் சாப்பாடு வரை ஒரு பிள்ளையும் நகரக் கூடாது என்று பள்ளியின் இன்னோர் ஆசிரியரான ஏசுவடியான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் எண்ணினார். அறுபது. ரிஜிஸ்தரோடு ஒத்துப் பார்த்தார். சரி. நமசிவாயம் மூச்சு விட்டது குழல்வாய்மொழிக்குக் கேட்டது.

"அஞ்சாம் வகுப்புல யாராவது வாசிங்க."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்காமல் இருக்கவே செண்பகவல்லி எழுந்தாள். கடகடவென்று ஒரு பக்கத்தை வாசித்தாள். இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார்.

"ஒன் பேரென்ன?"

"பி. செண்பகவல்லி சார்."

அவர் தேர்ச்சிப் பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "இது என்னம்மா? இந்தப் பிள்ளை தேறவில்லைன்னு இருக்கு. இவ்வளவு நல்லா வாசிக்கிறாளே?"

ஒரு கணம். குழல்வாய்மொழி கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் அவள் வாயில் முழுதாக உருவாகி நின்றது.

"கணக்குல கொஞ்சம் மட்டம் சார்," என்றாள்.

செண்பகவல்லி திரும்பி டீச்சரைப் பார்த்தாள்.

"அப்படியா? ஏம்மா, நான் ஒரு கணக்குச் சொல்றேன். ஒரு மூட்டையில எண்பத்து நாலு எலுமிச்சம்பழம் இருக்கு. ஏழு பேருக்குச் சமமாப் பங்கு வச்சா ஆளுக்கு எத்தனை?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. குழல்வாய்மொழிக்கு அந்த முகம் தெரியும். விடை கிடைத்ததும் இடது கன்னத்தில் ஒரு குழி விழும். குழி விழுந்தது. உதடு பிரிந்தது. பிறகு அவள் இன்னொரு தடவை டீச்சரைப் பார்த்தாள். கன்னத்துக் குழி மெல்ல மறைந்தது.

"பதினொண்ணு சார்."

பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். இன்ஸ்பெக்டர் திருப்தியாகத் தலையசைத்தார்.

"ஒக்காரு. ஹெட்மாஸ்டர், ரொம்ப சரி. மத்த எடத்துல எல்லாம் எல்லாரையும் தள்ளி விட்டுடுறாங்க. ஹைஸ்கூல்ல போய் அதுங்க முழிக்குது. இந்த மாதிரி நிறுத்தி வச்சாத்தான் தராதரம் இருக்கும். ரிப்போர்ட்டுல எழுதுறேன்." பதிவேட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். "ஆனா இது என்ன, பென்சில்? தேர்ச்சி முடிவைப் பென்சில்ல எழுதலாமா? நாளைக்கு யாராவது அழிச்சுட்டு மாத்தி எழுதினா?"

தம் பேனாவைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"மேலேயே மையால எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. நான் இருக்கும்போதே."

ஒன்பது பெயர். ஒவ்வொன்றாக எழுதினாள். கடைசிப் பெயருக்கு வந்தபோது பேனா ஓடவில்லை; மை தீர்ந்துவிட்டதோ என்று ஒரு நம்பிக்கை. இன்ஸ்பெக்டர் பேனாவை வாங்கி ஒரு தடவை உதறித் திருப்பிக் கொடுத்தார். அது ஓடியது. அவள் எழுதியதன் கீழே அவர் இன்னொரு பேனாவால் பச்சை மையில் கையெழுத்திட்டார். ஆபீஸுக்கென்று ஒரு பிரதியும் எடுக்கச் சொன்னார். ஏசுவடியான் தம் அழகான கையெழுத்தில் எடுத்துக் கொடுத்தார்.

ஜீப் போன பிறகு பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். செண்பகவல்லி மட்டும் மேஜையருகே வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்:

"சரியாச் சொன்னேனா டீச்சர்?"

குழல்வாய்மொழி அவளை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். 

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாரல் விடாமல் பெய்தது. நமசிவாயம் பதிவேட்டை வீட்டுக்கே எடுத்து வந்து கூடத்தில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் ரப்பர் கிடந்தது. அதற்கு இனி வேலை இல்லை.

"பாஸ்னு ரிக்கார்டு ஷீட்ல மட்டும் எழுதிக் குடுத்தா என்னங்க?"

"ஹைஸ்கூல்லேருந்து ஆபீஸுக்கு எழுதிக் கேப்பாவ மொழி. அங்கன பிரதி இருக்கு. ரெண்டு பேரு வேலையும் போவும். சர்டிபிகேட்டையே புடுங்கிருவான்."

"நானே இன்ஸ்பெக்டர்கிட்ட போயிச் சொல்லுதேன். குத்தாலத்துலதான இருக்காரு."

"என்னன்னு சொல்லுவ? அறுபதுன்னு பொய்யாக் காமிச்சோம்னா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. "போணும்னா போ. நான் தடுக்கல."

அவள் குடையை எடுத்தாள். வாசல்வரை போனாள். தெருவில் தண்ணீர் ஓடியது. குடையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, குடையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். இருவருக்கும் சேர்த்துத்தான் சமைத்தாள்.

திங்கட்கிழமை காலை பலவேசம் ரிக்கார்டு ஷீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "நாளைக்குத்தான் கடேசி நாள். இன்னிக்கே போயிடுதோம்" என்றார். செண்பகவல்லி நீலப் பாவாடை கட்டி, தலை நிறைய எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். டீச்சருக்குக் கை காட்டிவிட்டு அப்பாவோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நமசிவாயம் தம் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மாலை நாலு மணிக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். மகள் பத்தடி பின்னால் வந்தாள். ஒரு கன்னம் தடித்திருந்தது.

பலவேசம் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"டீச்சரம்மா, எம்மவ ஃபெயிலாமே. பெரிய டீச்சரம்மா படிச்சுக் காட்டுனாவ. அஞ்சு தேறாத பிள்ளைய எப்படி எடுக்கன்னு கேக்காவ. எனக்கு நாக்கப் புடுங்கிக்கிடலாம் போல இருந்திச்சு. சந்தையில அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், எம்மவ அதுல கெட்டி இதுல கெட்டின்னு."

"பலவேசம்..."

"நீங்க என்ன செய்விய? எம்புட்டுப் பாடுபட்டுச் சொல்லிக் குடுத்திய. சீட்டு குடுக்க நம்ம சார்வாள் தயங்கித் தயங்கி நின்னாரே, எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. நான் மனசு ஒடஞ்சு போவேன்னு பாத்திருக்காரு." கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தக் களுத, ஃபெயிலுன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்காம எங்கூட தென்காசி வரைக்கும் வந்திருக்கா. கேட்டா, யாருட்டயும் சொல்லக் கூடாதுங்கா. ஒரு அறை வச்சேன்."

"அடுத்த வருஷம் சேக்கலாம். நானே கொண்டு போய்ச் சேக்கேன்."

"அடுத்த வருஷம் பெரியவளாயிருவா. அப்புறம் எங்கன தென்காசிக்கு அனுப்ப? அவ ஆத்தா பீடித் தட்டு ஒண்ணு வாங்கி வச்சுட்டா. கை வேகமான பிள்ளதான், அது போதும்."

குழல்வாய்மொழி செண்பகவல்லியைப் பார்த்தாள். அந்தப் பெண் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கணக்குக்கு விடை சொல்லுமுன் பார்த்த அதே பார்வை. இன்னும் டீச்சர் ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தாள். அப்பா கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினாள்.

செண்பகவல்லி அதன் பிறகு பள்ளிக்கு வரவில்லை. அவள் பெயர் மட்டும் ரிஜிஸ்தரில் இருந்தது. பலவேசம் ரிக்கார்டு ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் பெயரை அடித்துவிட வேண்டிய அவசியம் வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் கடைசி, மொத்தத்தில் அறுபதாவது.

"செண்பகவல்லி," என்று குழல்வாய்மொழி மறுநாள் காலை வாசித்தாள்.

"அவ வீட்ல பீடி சுத்துதா டீச்சர்," என்றான் முன்வரிசைப் பையன்.

அவள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு ரிஜிஸ்தரை மூடினாள். அடுத்த நாளும் அப்படியே விட்டாள். மூன்றாம் நாள் திறந்தபோது இரண்டு கட்டங்களிலும் வந்ததற்கான சாய்வுக்கோடு இருந்தது. நமசிவாயத்தின் மை. தலைக்கணக்கு சரியாக இருந்தாலும் வருகைச் சராசரி குறைந்தால் மானியம் நிற்கும் என்பது அவளுக்கும் தெரியும். கோடு நேராக இல்லை. 

டிராயரைத் திறந்தாள். வாழை இலைப் பொட்டலம் இருந்தது. சாரலில் நனைந்த பிச்சி, வழக்கத்தைவிட மணத்தது. வெகுநேரம் அதைத் தொடாமல் இருந்தாள். சாயங்காலம் அவர் வகுப்புக்குள் வந்து, அந்தப் பூவை எடுத்து அவள் பின்னால் நின்றார். அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள்.

அந்த மாதம் முழுவதும் அந்தக் கட்டங்களை அவர்தான் நிரப்பினார், அவள் பார்க்காத நேரமாகப் பார்த்து. ஆகஸ்டு முதல் தேதி புதுப் பக்கம் தொடங்கியது. குழல்வாய்மொழி அறுபது பெயரையும் வாசித்தாள். கடைசிப் பெயரை வாசித்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு அவருக்கு அந்த வேலையை வைக்காமல், தன் கையாலேயே அந்தக் கட்டத்தில் ஒரு சாய்வுக்கோடு போட்டாள்.